கல்லுக்கும் நம்பர் உண்டு



முந்திரிப் பருப்பை நாம் வெறும் முந்திரி என்று சொல்லிக் கொள்முதல் செய்வதில்லை. 240 நம்பரா, 320 நம்பரா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறோம். சர்க்கரைக்கு எம்-30, எஸ்-30 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பெயிண்டர் ஒருவர் உப்புத்தாள் கேட்டு வந்தால், 80 வேண்டுமா, 120 வேண்டுமா, 220 வேண்டுமா என்று கேட்காமல் எந்தக் கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் அதே கடையில், அலமாரியின் அடித்தட்டில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கும் சாணைக்கல் மட்டும் "கத்தி தீட்டுகிற கல்" என்ற ஒரே பெயரில் விற்பனையாகிறது. அரிவாளுக்கும் அதே கல், காய்கறிக் கத்திக்கும் அதே கல், தச்சர் உளிக்கும் அதே கல், சவரக்கத்திக்கும் அதே கல்!

இது சரியல்ல என்பது என் கருத்து. சாணைக்கல்லையும் நம்பர் சொல்லித்தான் விற்க வேண்டும். நம்பர் அச்சிடாத கல்லை நாம் வாங்கக்கூடாது. இந்தச் சின்னச் சரக்குக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள், இக்கட்டுரையை முடிவு வரை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தணிகை மலையடிவாரம் கற்றுத் தரும் பாடம்

எங்கள் பள்ளிப்பட்டு ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். திருத்தணி வட்டாரம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்ற பெரியவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் எங்கள் கடைகளுக்கு "சாணைக்கல் இருக்கிறதா அண்ணே" என்று கேட்பவரும் வருவார், "சாண ராயி உந்தா" என்று கேட்பவரும் வருவார். கேட்கும் மொழி இரண்டானாலும் சரக்கு ஒன்றுதான்.

ஒரு பக்கம் திருத்தணி, இன்னொரு பக்கம் திருப்பதி. இரண்டு மலைகளிலும் முடி காணிக்கை செலுத்துவது வழிவழியாக வரும் வேண்டுதல். ஆகவே சவரக்கத்தியின் அருமை தெரிந்த தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நான் கடையில் உட்காரத் தொடங்கிய காலத்தில், அவர்கள் கல் வாங்கும் விதத்தைப் பார்ப்பதே ஒரு பாடமாக இருக்கும். மற்றவர்கள் "ஒரு கல் கொடுங்கள்" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிப் போவார்கள். சவரத் தொழிலாளியோ பத்துக் கல்லையாவது எடுத்துப் பார்ப்பார். முகத்தில் நகத்தை வைத்து இழுப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று கவனிப்பார். விரலால் சுண்டி ஓசை கேட்பார். கணீர் என்றால் வைத்துக்கொள்வார். மந்தமான ஓசை வந்தால் உள்ளே விரிசல் என்று ஒதுக்கிவிடுவார்.

அப்படித் தேர்ந்தெடுத்த கல் அவருடைய அடைப்பத்துக்குள் போய்விட்டால், பிறகு அதை வேறொருவர் கையில் கொடுக்க மாட்டார். இது கருமித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்; கத்தி ஊரும் கல் எப்படித் தேயாமல் இருக்கும்? ஒருவர் கைப்பழக்கத்துக்குத் தேய்ந்த கல், இன்னொருவர் கையில் போனால் நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல்லில் சவரக்கத்தியின் வாய் சீராகப் படியாது. அந்தக் கவலைதான் அவருக்கு. தன் தொழிற்கருவியை இவ்வளவு அறிந்து வாங்குகிறவருக்கு, அதை விற்கிற நாம் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்?

சவரக்கத்திக்கு மட்டும் என்ன தனி மரியாதை?

அரிவாளின் வேலை வெட்டுவது. அதன் வாயில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் தழையும் நாரும் நன்றாக அறுபடும். காய்கறிக் கத்தியும் ஏறக்குறைய அப்படித்தான். தக்காளியின் தோலைப் பிடித்து அறுக்கச் சிறு பற்கள் போன்ற முரடு உதவுகிறது. ஆனால் சவரக்கத்தி மனிதத் தோலின் மீது போகும் கருவி. முரடு இருந்தால் முடியை அறுப்பதற்கு முன் தோலைச் சுரண்டிவிடும்.

ஒரு தலைமுடியின் கனம் ஆளுக்கு ஆள் மாறினாலும், பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம் கொண்டது. இப்போது கல்லைப் பாருங்கள். 240 நம்பர் கல்லில் உள்ள துகள் ஒவ்வொன்றும் ஐரோப்பியக் கணக்குப்படி ஏறத்தாழ 45 மைக்ரான். ஒரு மைக்ரான் வாயை 45 மைக்ரான் துகளில் இழுத்தால் என்ன ஆகும்? நெல் குத்தும் உலக்கையை எடுத்துக் கடுகு தாளிக்கப் போன கதைதான்!

சவரக்கத்தியின் அமைப்பும் தனி. அதன் இரு கன்னங்களும் உள்ளே குழிந்திருக்கும். முதுகு தடித்திருக்கும். கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லின் மீது படிய வேண்டும். கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனே கோணத்தை நிர்ணயித்துவிடுகிறது. செய்தவரின் கணக்கு அதற்குள் அடங்கியிருக்கிறது. கல்லின் மேல் வாய் முன்னே போக வேண்டும். தோல்வாரின் மேல் முதுகு முன்னே போக வேண்டும். கல்லில் அழுத்தம் கூடாது. கத்தியின் எடையே போதும். இத்தனையும் நடக்க வேண்டுமானால் கல் தட்டையாக இருக்க வேண்டும். தட்டை இல்லாத கல்லில் உலகத்தின் சிறந்த கத்தியும் கெட்டுப் போகும்.

கல்லின் பெயரிலேயே நம் மொழி

சாணைக்கல் வியாபாரத்தில் நமக்குப் பூர்வீக உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். குருந்தக்கல் என்று நம் முன்னோர் அழைத்த கடினமான கனிமத்தைத்தான் உலகம் "கொரண்டம்" என்கிறது. தமிழின் குருந்தம், குருவிந்தம் என்ற சொற்களிலிருந்தே அப்பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் கட்டுரையே எழுதினார். வைரத்தின் கடினம் 10 என்றால் குருந்தத்தின் கடினம் 9. நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி இந்தக் கனிமத்துக்குப் பெயர் பெற்ற இடம். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்ப்பது நம் நாட்டுப் பழைய தொழில்.

பிறகு வந்தது செயற்கைக் கல். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின் உலையில் புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். கொரண்டம் என்ற சொல்லின் சாயல் அதிலும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். சிலிக்கன் கார்பைடு என்பது அதன் ரசாயனப் பெயர். குருந்தத்தைவிடவும் சற்றுக் கடினமானது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் பிறகு இந்தக் கற்களுக்கு நாம் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை மாறியது. நார்ட்டன் நிறுவனம் அலுமினியம் ஆக்ஸைடில், அதாவது செயற்கைக் குருந்தத்தில், செய்யும் எண்ணெய்க் கல்லுக்கு "இந்தியா" என்றே பெயர் வழங்குகிறது.

இவை தவிர வெளிநாடுகளில் பெயர் பெற்ற இயற்கைக் கற்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் கல், குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்தது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிற கோட்டிகூல் கல்லில், மிக நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் துரிங்கியக் கல். ஜப்பானில் கியோட்டோ பகுதிக் கல். சவரக்கத்தி தீட்டுபவர்கள் இவற்றின் பெயரை மந்திரம் போல் உச்சரிப்பார்கள். நல்ல துண்டுகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் விலை.

நம்பர் என்றால் என்ன?

முந்திரியில் 240 என்றால், ஒரு பவுண்டு எடையில் அதிகபட்சம் 240 பருப்பு நிற்கும் என்று பொருள். நம்பர் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். கல்லிலும் அதே கதைதான். துகளைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கிலிருந்து இந்த நம்பர் பிறந்தது. கண் பெருகப் பெருக, அதன் வழியே விழும் துகள் சிறுக்கும். மளிகைக் கடைக்காரருக்குச் சல்லடையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மிக நுண்ணிய துகளைச் சல்லடையால் பிரிக்க முடியாது. தண்ணீரில் கலக்கி, எது முதலில் படிகிறது, எது பிறகு படிகிறது என்று பார்த்துப் பிரிப்பார்கள். அரிசி மாவைக் கரைத்து வைத்தால் குருணை முதலில் அடியில் தங்குவது போல.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பிய நம்பரும் ஜப்பானிய நம்பரும் ஒன்றல்ல. ஐரோப்பிய எஃப்-1000 என்றால் துகள் ஏறத்தாழ 4.5 மைக்ரான். ஜப்பானிய 1000 என்றால் ஏறத்தாழ 11.5 மைக்ரான். ஒரே ஆயிரம், ஆனால் துகளின் பருமனில் இரண்டரை மடங்கு வித்தியாசம்! படி என்று சொன்னால் எந்த ஊர்ப் படி என்று கேட்ட காலம் நமக்கு நினைவிருக்கிறது. அதுபோலக் கல்லிலும் எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்க வேண்டும். நம்பரோடு மைக்ரான் அளவையும் சேர்த்து அச்சிட்டால் குழப்பமே இல்லை.

என் கடைக்குக் கல் கொடுத்த ஒரு சப்ளையரின் ஏஜென்ட்டிடம், "இது என்ன நம்பர்?" என்று கேட்டபோது, "எல்லாம் ஒரே கல்தான் முதலாளி, கருப்பு பக்கம் முரடு, சாம்பல் பக்கம் நைஸ்" என்று பதில் வந்தது. நைஸ் என்பது ஒரு தரமா? "நல்ல அரிசி" என்று மட்டும் சீட்டு ஒட்டி மூட்டை அனுப்பினால் நாம் இறக்கிக்கொள்வோமா?

பிளேடு வந்தது, நல்லதே நடந்தது

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். இப்போது யார் சவரக்கத்தியைத் தீட்டுகிறார்கள்? எல்லா இடத்திலும் பிளேடு அல்லவா?

உண்மைதான். 1986-இல் நம் சென்னையில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் "சவரத்துக்குப் புது பிளேடு கேளுங்கள்" என்ற பிரசாரம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அதைவிடவும் அஞ்ச வேண்டியது மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி. அது உடலுக்கு வெளியே, காய்ந்த இடத்திலும்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். ஒருவர் தலையில் பட்ட கத்தி அடுத்தவர் தலைக்குப் போகக்கூடாது என்பது இதனால்தான். கல்லும் வாரும் கூர் ஏற்றும்; கிருமியைக் கொல்லாது. கல்லில் தீட்டிவிட்டால் கத்தி சுத்தமாகிவிடும் என்று நினைப்பது பெரிய ஆபத்து.

ஆகவே மலையிலும் சலூனிலும் ஆளுக்கொரு புது பிளேடு என்ற முறை வந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 2021 செப்டம்பரில் தமிழக அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணம் ரத்தானது. அங்குள்ள தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அந்தக் கைகளுக்கு அது நியாயமான மரியாதை. பழைய கத்தி போனதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. பலருக்குப் பொதுவாக வைத்திருக்கும் கத்திக்குத் தீட்டக் கல் கேட்டு யாராவது வந்தால், விற்காமல் புது பிளேடு பாக்கெட்டை எடுத்துக் காட்டுவதே வணிக தர்மம்.

ஆனால் கல் வியாபாரம் முடிந்துவிடவில்லை. தன் முகத்துக்குத் தானே சவரக்கத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம், படித்த இளைஞர்கள் சிலரிடம் திரும்ப வந்திருக்கிறது. தனக்கென ஒரு கத்தி, தனக்கென ஒரு கல். அது தவறில்லை. அவர்கள் கல் வாங்குவது ஆன்லைனில். ஏன்? அங்கே 1000, 4000, 8000 என்று நம்பர் போட்டிருக்கிறது. நம் கடையில் "நைஸ்" என்று சொல்கிறோம். அவர்களை விடுங்கள். இழைப்புளி தீட்டும் தச்சர், தோல் அறுக்கும் செருப்புத் தொழிலாளி, ஓட்டல் சமையற்காரர், துணி வெட்டும் தையற்காரர் என எல்லோருக்கும் ஏதோ ஒரு கல் தேவை. அவரவர்க்கு ஏற்ற நம்பர் வேறு வேறு. சவரக்கத்தி கற்றுத் தரும் பாடம் எல்லாக் கத்திக்கும் பொருந்தும்.

எது நல்ல கல்?

"இத்தனை கற்களைப் பற்றிச் சொன்னீர்களே, உங்களுக்குப் பிடித்த கல் எது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சவரக்கத்திக்கு என்றால், என் தேர்வு நம்பர் போட்ட செயற்கைத் தண்ணீர்க்கல்தான். அதிலும் ஒரே ஒரு கல்தான் வைத்திருக்க முடியும் என்றால், ஒரு முகம் 4000, மறு முகம் 8000 உள்ள இருமுகக் கல்லைச் சொல்வேன். ஜப்பானியக் கணக்கில் 8000 என்றால் துகள் ஏறத்தாழ 1.2 மைக்ரான். முகச் சவரத்துக்கு அது போதும். அதன் பின் வேலையைத் தோல்வார் பார்த்துக்கொள்ளும். வாய் சிதைந்த கத்தியைச் சீர் செய்ய மட்டும் 1000 நம்பர் கல் ஒன்று தனியாக வேண்டும். ஒரு முறை சீராக்கிவிட்டால், கத்தி கீழே விழுந்து வாய் உடையாத வரை அந்த 1000 பக்கம் போகத் தேவையில்லை.

இயற்கைக் கல்லை நான் குறைத்துச் சொல்லவில்லை. மலையில் விளைந்த கல்லில் ஓர் அழகு உண்டு. தணிகை முருகனுக்குச் சாத்தும் சந்தனம், இந்திரன் சீதனமாகத் தந்த கல்லில் அரைக்கப்படுவதாகத் தலவரலாறு சொல்கிறது. கல்லுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர்க்காரன் நான். முப்பது வருடம் ஒரே இயற்கைக் கல்லில் தீட்டி, அதன் குணம் கையில் படிந்துவிட்ட தொழிலாளியிடம் போய், "இதை விட்டுவிடு, 8000 வாங்கு" என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அவர் கல்தான் சிறந்தது.

ஆனால் வியாபாரி நிலை வேறு. இயற்கைக் கல்லில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரே பாறையின் இரண்டு துண்டுகளே இரண்டு விதமாக வேலை செய்யும். நேற்று விற்ற கல் நன்றாக இருந்தது என்பதால் இன்று விற்கும் கல்லுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. செயற்கைக் கல் அப்படியல்ல. நல்ல கம்பெனியின் 8000 இன்றும் 8000தான், அடுத்த வருடமும் 8000தான். உடைந்தால் அதே கல்லைத் திரும்ப வாங்கலாம். வாக்குக் கொடுத்து விற்கக்கூடிய சரக்கே வியாபாரிக்குப் பிடித்த சரக்காக இருக்க வேண்டும். கல்லின் மீது ஆசை வைப்பது தீட்டுபவரின் உரிமை. கல்லின் அளவைச் சொல்வது விற்பவரின் கடமை. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது

முதலாவது, நம் கடையில் கற்களை மூன்று வரிசையாகப் பிரித்து வைக்கலாம். சில நூறு நம்பருக்குள் இருப்பவை அரிவாள், மண்வெட்டி, கத்தியின் முதல் சீர் ஆகியவற்றுக்கு. 1000 நம்பரை ஒட்டியவை சமையல் கத்தி, உளி, கத்தரிக்கோல் ஆகியவற்றுக்கு. 4000-க்கு மேற்பட்டவை சவரக்கத்திக்கும் நுட்ப வேலைக்கும். மூன்றாவது வரிசையில் இரண்டு கல் இருந்தாலே போதும். முடக்க வேண்டிய முதல் அதிகமில்லை.

இரண்டாவது, கொள்முதல் செய்யும்போது ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கல்லின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். கீழே வெளிச்சம் தெரிந்தால் கல் தட்டை இல்லை. சுண்டி ஓசை கேளுங்கள். விளிம்பு பொரிந்த கல்லைத் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாவது, விற்கும்போது நான்கு வார்த்தை சொல்லுங்கள். தண்ணீர்க்கல்லில் எண்ணெய் விடக்கூடாது. எண்ணெய்க் கல்லானாலும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கூடாது. அது நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் கண்ணை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய்தான் உகந்தது. குழிந்த கல்லைச் சரிசெய்ய, தட்டையான கண்ணாடி மேல் தண்ணீர் உப்புத்தாளை விரித்து, கல்லை அதன் மேல் தேய்த்தால் போதும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அதோடு ஒரு உப்புத்தாளும் விற்பனையாகும்!

நான்காவது, நம் சங்கம் செய்ய வேண்டியது. பாக்கெட் பொருள்களின் மீது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பாக்கெட் பொருள் விதிகள் கூறுகின்றன. ஆய்வாளர் வந்தால் இவை இல்லாத பாக்கெட்டுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். ஆகவே இவை இல்லாத கல்லை இறக்கவே கூடாது. நம்பர் அச்சிடுவது நம் கோரிக்கையாக இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் கல் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுவோம்: "ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர், எந்த நாட்டுக் கணக்கு, மைக்ரான் அளவு, தண்ணீரா எண்ணெயா என்ற நான்கும் அச்சிட்டு அனுப்புங்கள்" என்று. ஒரு கடைக்காரர் கேட்டால் ஏஜென்ட் சிரிப்பார். ஓர் ஊர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால் அச்சிட்டுக் கொடுப்பார்.

"இதில் என்ன லாபம் வந்துவிடப் போகிறது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கிறேன். வருடத்துக்கு இருபது கல் விற்கும் கடையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். அரிசியிலும் எண்ணெயிலும் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்கும் நேரத்தில் சாணைக்கல் ஒரு பிரச்சினையா என்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரிசி, பருப்பு, சோப்பு ஆகியவற்றில் நம்மைவிட மலிவாகப் பெரிய கடைகளும் ஆன்லைனும் விற்க முடியும். விலையில் மட்டும் போட்டி போட்டால் நாம் நிற்பது கடினம். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் கையில் கத்தியோடு வந்து, "இதற்கு எந்தக் கல் சரியாக இருக்கும்?" என்று கேட்டால், கத்தியின் வாயைப் பார்த்துப் பதில் சொல்ல நம்மால் முடியும். ஆன்லைன் நம்பரைக் காட்டும், கத்தியைப் பார்க்காது. நம்மிடம் பார்வை இருக்கிறது, நம்பர் இல்லை. நம்பரையும் சேர்த்துக்கொண்டால் நம்மை வெல்ல யாரால் முடியும்?

சின்னச் சரக்கில் விவரம் சொல்லும் கடைக்காரரைத்தான் மக்கள் பெரிய சரக்கிலும் நம்புகிறார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இருபது கல் வாங்கிய இருபது பேரும் அரிசி மூட்டை வாங்குகிற குடும்பஸ்தர்கள் என்பதை மறக்கக்கூடாது. தவறான கல்லை வாங்கிப்போய்க் கத்தியைக் கெடுத்துக்கொண்டவர் நம்மிடம் வந்து சண்டை போட மாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சண்டை போடுகிற வாடிக்கையாளர் திரும்பி வருவார். சத்தமில்லாமல் போகிறவர் வருவதில்லை.

ஆகவே வணிகச் சகோதரர்களே, அடுத்த முறை கல் பெட்டி வந்து இறங்கும்போது பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நம்பர் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், "அடுத்த லோடில் நம்பரோடு வா தம்பி" என்று பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். நம் ஊரிலிருந்தே இதைத் தொடங்குவோம்.